கதவுக்குக் கீழே

பரிசோதகன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து
இடது கதவுக்குக் கீழே ஒரு குத்து.
கைப்பிடி வரை போயிற்று.
"மன்னிக்கணும், ராய்லி" என்றான்,
கிழட்டு நாயைப் பற்றிச் சொல்வதுபோல.
தாளில் ஒரு முத்திரை. ஒரு மாத அவகாசம்.

எண்பத்தாறாம் வருடத்து வோல்வோ.
ஹெய்னி பிறந்த மூன்றாம் நாள் இதில்தான் வீட்டுக்கு வந்தாள்,
இதில்தான் வாந்தியெடுத்தாள்,
இதில்தான் ஓட்டப் பழகித் தபால்பெட்டியைச் சாய்த்தாள்.
விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு
எங்கள் வீட்டில் இரண்டாவது காபி கிடையாது.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை
கோட்காவில் சாலைக்கு உப்பிடுகிறார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது
தகரம் மட்டும்தான்.

கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடம் வெல்டிங் செய்தவள் நான்.
கொழுந்தன் ஈரிக்கின் கொட்டகையில்
காரை ஜாக்கியில் தூக்கி, கிரைண்டரைப் போட்டேன்.
முதலில் பெயிண்ட் போயிற்று,
பிறகு பெயிண்டுக்கு அடியில் இன்னொரு நீலம்,
பிறகு பட்டி, விரல் தடிமனுக்குப் பட்டி,
அதற்குக் கீழே தார்.
தாருக்குக் கீழே
ஒரு காபி டப்பா.

வெட்டி விரித்து, தட்டிச் சமமாக்கி
பதினொரு ரிவெட் அடித்துப் பொருத்தியது.
எழுத்துகூட அழியவில்லை:
நடுத்தர வறுவல், ஐந்நூறு கிராம்.

"பட்டறையில கொடுத்துப் பண்ணிட்டேன், நானூறு யூரோ ஆச்சு"
என்று தௌனோ சொன்ன குளிர்காலம்.
ரசீது எங்கே என்று நான் துருவவில்லை.

ஆலையில் ஆட்குறைப்பு நடந்த குளிர்காலமும் அதுதான்.
காலை ஐந்தே முக்காலுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினான்,
மாலை நாலரைக்குத் திரும்பினான்.
நான்கு மாதம்.
ஷிப்ட் எப்படி என்பேன். பரவாயில்லை என்பான்.

காகிதக்கூழ் ஆலைக்காரன் கோட்டில்
அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும்.
பதினேழு வருடம் திட்டித் திட்டி
அதைப் பால்கனியில் தொங்கவிட்டவள் நான்.
அந்த நான்கு மாதமும்
கோட்டில் தார் வாசனை.
வழக்கம்போலத் திட்டினேன்.
வழக்கம்போலப் பால்கனியில் தொங்கவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது
தகரத்தை வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.
தௌனோ உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தான்.
இரண்டு கிழங்கு உரிக்கும் நேரம்.
பிறகு சொன்னான்:
"பதினோரு வருஷம் தாங்கியிருக்கு."

"ரிவெட் வரிசை கோணல்."
"முதுகுக்குக் கீழே பனி. கை விறைச்சுப் போச்சு."
"தெரியும்."
கத்தி நின்றது.
"எப்பலேர்ந்து?"
"முதல் வாரத்துலேர்ந்து."

வெண்ணெயை என் பக்கம் தள்ளினான்.
தகரம் மட்டும் அங்கேயே இருந்தது.

மறுநாள் அவனும் கொட்டகைக்கு வந்தான்.
நல்ல இரும்பு வரும்வரை வெட்ட வேண்டும்,
அது எங்கே வரும் என்று வெளியிலிருந்து தெரியாது.
ஒரு சாண் என்று நினைத்தது
ஒரு மீட்டரைத் தாண்டிப் போயிற்று.
புதுத் தகட்டை ஒரே இழுப்பில் பற்றவைத்தால் நெளியும்.
இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி,
நடுவில் ஆறவிட வேண்டும்.
ஆறும்போதெல்லாம் பேச எங்களுக்கு நேரம் இருந்தது.
ஹெய்னியின் வாடகை பற்றிப் பேசினோம்.
ஈரிக்கின் மூட்டு பற்றியும்.

உள்ளே மெழுகு பீய்ச்சி முடித்தபோது வெளியே இருட்டு.
நீலம் பொருந்தவில்லை.
கொஞ்சம் தள்ளி நின்றால் பொருந்தும் என்றான்,
எவ்வளவு தள்ளி என்றேன்,
சாலைக்கு அந்தப் பக்கம் என்றான்.

கிரைண்டரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டேன்:
"வலது பக்கம்?"

தௌனோ கூரையைப் பார்த்தான்,
கையுறையைக் கழற்றினான், மாட்டினான்.

"அது வேற பிராண்ட்."

ஒயரை மறுபடி சொருகினேன்.